குதிரைக் கழிச்சலுக்கு ஏன் பொதுப்பணம்?

குதிரையின் குடல்நோயை ஆராயப் பொதுப்பணம் எதற்கு என்று கேட்பவர்கள் மியோட்ராக் ரிஸ்டிக்கின் ஆய்வு வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். 1979இல் அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றையொட்டிய பகுதியில் குதிரைகளுக்குக் காய்ச்சலும் கடும் கழிச்சலும் கண்டன. சிலவற்றுக்குக் குளம்பும் அழன்றது. 1984இல் காரணக் கிருமியைக் கண்டறிந்தவர்களில் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் ரிஸ்டிக்கும் ஒருவர். கிருமிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. நாய்களைத் தாக்கும் எர்லிக்கியா கிருமிகளில் அவர் ஏற்கெனவே பெற்றிருந்த தேர்ச்சி இங்கே கைகொடுத்தது.

பணக்காரர் வளர்க்கும் குதிரைக்கு ஏழையின் வரிப்பணமா என்ற கேள்வியில் நியாயம் உண்டு. உரிமையாளர்களும் பங்கு தரட்டும். ஆனால் விலங்குநோய் ஆய்வு மனிதருக்கும் உதவும்: 1986இல் உண்ணி கடித்த அமெரிக்கர் ஒருவரின் நோயைத் துலக்கியது நாய்க் கிருமிக்கான ரத்தப் பரிசோதனைதான். குதிரைக் கிருமி நத்தையிலும் நீர்ப்பூச்சியிலும் தங்கி, தீவனத்தோடு வயிற்றுக்குள் போவது தெரியவரப் பல்லாண்டுகள் பிடித்தன. குறுகியகாலத் திட்டங்களுக்கு மட்டுமே நிதி என்றால் இத்தகைய விடைகள் கிடைக்காது.