குடிலும் தொழுவமும்

போன ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வெளியில வந்து செருப்பைத் தேடிக்கிட்டு இருந்தேன். வாலிபர் சங்கத்துப் பசங்க நாலு பேர் ரசீது நோட்டோட வந்து நின்னாங்க.

"சித்தப்பா, இந்த வருசம் கிறிஸ்துமஸ் கலக்குறோம். முப்பது அடியில எல்இடி ஸ்டாரு. கேரல் ரவுண்ட்ஸுக்கு லோடு ஆட்டோல டிஜே செட்டு. குடில் போட்டிக்கு முதல் பரிசு அஞ்சாயிரம். உங்க பேருக்கு ரெண்டாயிரம் எழுதிரட்டா?"

எழுதச் சொன்னேன். பணத்தையும் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து படப்புல வைக்கோல் உருவி மாட்டுக்குப் போடும்போதுதான் உறுத்த ஆரம்பிச்சுது. மூணு நாளா உறுத்துது. அதான் இங்க எழுதறேன்.

இதைப் படிக்கிற உங்கள்ல பல பேர் சென்னையிலயோ பெங்களூர்லயோ இருக்கீங்க. கிறிஸ்தவர் அல்லாதவங்கதான் அதிகம்னு நினைக்கிறேன். உங்களுக்குக் கிறிஸ்துமஸ்னா கேக், மால்ல நிக்கிற பெரிய மரம், சிவப்புக் குல்லா போட்ட தாத்தா. எங்க ஊர் ஏரலுக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவுல, தாமிரபரணித் தண்ணி பாயுற ஊர். எங்களுக்குக் கிறிஸ்துமஸ்னா முதல்ல மார்கழிக் குளிரு. விடியக்காலம் நாலு மணிக்கு ஜால்ராவும் டோலக்குமா தெருத்தெருவா பஜனை போகும். அப்புறம் மூங்கில் பத்தையைச் சீவி, கலர்ப் பேப்பர் ஒட்டி, உள்ள பல்பு தொங்கவிட்ட ஸ்டார். அப்புறம் முந்திரிக்கொத்து. பேருதான் முந்திரி, உள்ள இருக்கறது வறுத்துத் திரிச்ச பாசிப்பயறும் தேங்காயும் வெல்லப்பாகும். உருட்டி, மாவுல முக்கி, மூணு மூணா ஒட்டிக்கிட்டு இருக்கற மாதிரி எண்ணெயில போடணும். எங்க ஆச்சி சுட்டா ஒரு குத்துப்போணி நிறையச் சுடுவா. அதுல வீட்டுக்கு மிஞ்சுறது கால்வாசிதான். மிச்சம் ஏழு வீட்டுக்குப் போகும். அதுல அஞ்சு வீடு, தீபாவளிக்கு எங்களுக்கு அதிரசம் கொடுத்துவிட்ட வீடு. வந்த தூக்குவாளியை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாதுன்னு ஆச்சி கணக்கு வச்சிருப்பா.

இதையெல்லாம் ஏன் சொல்றேன்னா, கிறிஸ்துமஸ்ல கிறிஸ்து காணாமப் போயிட்டார்னு யாராவது பேச ஆரம்பிச்சா, உடனே ஒரு கூட்டம் எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போடச் சொல்லும். எங்க பக்கத்துலயே கிறிஸ்துமஸ் கொண்டாடாத சபைகள் உண்டு. டிசம்பர் 25ன்னு பைபிள்ல எங்க இருக்குன்னு கேப்பாங்க. உண்மைதான், தேதி கிடையாது. மூணு ராஜாக்கள்னு நாம சொல்றமே, அந்த மூணுங்கற கணக்கும் இல்ல, ராஜாங்கற சொல்லும் இல்ல. சாஸ்திரிகள்னுதான் இருக்கு. மாடும் கழுதையும்கூட அந்தப் பிறப்புக் கதையில வராது. ஆனா அதுக்காக ஆச்சியோட முந்திரிக்கொத்தைத் தப்புன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். ஏழு வீட்டுக் கதவைத் தட்டின பலகாரம் அது.

எனக்கு வழக்கங்கள் மேல கோவம் இல்ல. எந்த வழக்கம் ஒருத்தர் வாசலுக்குப் போகுது, எது வாசலைத் தாண்டி ஓடுதுங்கறதுதான் என் கேள்வி. பழைய பஜனை ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நிக்கும். சுகமில்லாம படுத்திருக்கவங்க வீடுன்னா உள்ள போயி, கட்டில் பக்கத்துல நின்னு ஒரு ஜெபம் பண்ணிட்டுத்தான் வரும். கட்டங்காப்பி போட்டுத் தருவாங்க. இப்ப லோடு ஆட்டோ நிக்காது. கவர்ல பணம் வச்சுக் காத்திருக்கிற வீட்டு முன்னால மட்டும் ரெண்டு நிமிசம் நிக்கும். தாத்தா வேசம் போட்ட பையன் மேல இருந்து மிட்டாய் எறிவான். அந்தத் தாத்தாவுக்கு மூலமான நிக்கோலாஸ், நாலாம் நூற்றாண்டுல இப்போதைய துருக்கியில இருந்த மீரா பட்டணத்துப் பிஷப். கல்யாணம் பண்ண வழியில்லாத வீட்டுக்கு ராத்திரி யாருக்கும் தெரியாமப் பணத்தைப் போட்டுட்டுப் போனார்னுதான் அவரைப் பத்தின கதை. நம்ம தாத்தா மைக் இல்லாம தெருவுக்குள்ள வர்றதில்ல.

குடில் விசயம்தான் எனக்கு ரொம்ப வலிக்குது. போன வருசம் முதல் பரிசு வாங்கின குடில்ல பொம்மை ரயில் ஓடுச்சு. மோட்டார் வச்சு அருவி கொட்டுச்சு. தெர்மாகோல்ல பனி. குழந்தை எங்கடான்னு தேடினா, ஒரு பாலத்துக்கு அடியில கட்டைவிரல் சைசுல கிடந்தது. நல்லாத்தான் செஞ்சிருந்தாங்க, பசங்க கைவேலையை நான் குறை சொல்லல. ஆனா இந்தக் குடில் வழக்கத்தைப் பரப்பினவர் யாருன்னு பாருங்க. அசிசி ஊர் பிரான்சிஸ். 1223ல இத்தாலியில கிரேச்சோங்கற ஊர்ல, கிறிஸ்துமஸ் ராத்திரி ஒரு தீவனத்தொட்டி, வைக்கோல், உசிரோட ஒரு மாடு, ஒரு கழுதை. அவ்வளவுதான் வச்சார். அந்தக் குழந்தை பட்ட சிரமத்தைக் கண்ணால பாக்கணுங்கறதுதான் அவர் ஆசை. அவர் வரலாற்றை எழுதின செலானோ தாமஸ் இன்னொரு விசயமும் சொல்றார். அந்த வைக்கோலைப் பத்திரமா எடுத்து வச்சு, நோவு வந்த கால்நடைக்குக் கொடுத்தாங்களாம், குணமாச்சாம். விவசாயி எனக்கு இது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அலங்காரம் முடிஞ்ச பிறகும் மாட்டுக்கு ஆகுற மாதிரி ஒரு குடில்.

எங்க பழைய பைபிள்ல குழந்தையைக் கிடத்தின இடத்துக்கு 'முன்னணை'ன்னு ஒரு சொல் இருக்கும். சின்ன வயசுல அதை ஏதோ மெத்தை வச்ச தொட்டில்னு நினைச்சிருந்தேன். 'அணை'ங்கற சத்தமே இதமா இருக்குல்ல? கத்தோலிக்க நண்பர் ஒருத்தர் வீட்டுல பொது மொழிபெயர்ப்பைப் புரட்டினப்பதான் 'தீவனத்தொட்டி'ன்னு நேராப் போட்டிருந்ததைப் பாத்தேன். தீவனத்தொட்டின்னா எனக்குத் தெரியும். தினம் காலையில கையை விட்டு வழிச்சுக் கழுவுறவன் நான். ஓரமெல்லாம் மாட்டு எச்சில் வழவழன்னு இருக்கும். முந்தின நாள் புண்ணாக்குத் தண்ணி புளிச்ச வாடை அடிக்கும். ஈ மொய்க்கும். கடவுள் மனுசனாப் பொறந்தார்னு நம்புறோமே, அவர் படுத்த முதல் இடம் இது. வேற எங்கயும் இடம் கொடுக்காததால அங்க படுக்க வேண்டியதாச்சு. கிறிஸ்துமஸுக்கு வேற என்ன அர்த்தம் சொன்னாலும் இதைத் தாண்டிச் சொல்ல எனக்குத் தெரியல.

சேதி முதல்ல போனது யாருக்கு? வயக்காட்டுல ராத்திரி மந்தைக்குக் காவல் இருந்த ஆட்டுக்காரங்களுக்கு. ஞாயிறு பள்ளி நாடகத்துல தலையில டர்க்கி டவல் கட்டின பிள்ளைங்களாத்தான் அவங்களை நீங்க பாத்திருப்பீங்க. எங்களுக்கு அது கிடை. பிசான அறுவடை முடிஞ்சதும் ஆட்டை வயல்ல மறிச்சு ராத்திரி அடைப்பாங்க. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். கிடைக்காரர் ஒரு போர்வையோட அந்த வயல்லயே படுப்பார். நரி வந்தாலும் மழை வந்தாலும் அவருக்கு அங்கதான். ஊருக்குள்ள அவருக்குத் திண்ணை கிடையாது. கல்யாண வீட்டுல பந்தி முடிஞ்ச பிறகுதான் கூப்பிடுவாங்க.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிடறேன்.

2023 டிசம்பர் 17. ஞாயித்துக்கிழமை. முந்தின நாள் தொட்டே மழை. எங்க பக்கத்துக் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டின மழை அது. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோட மாட்டிக்கிட்டு நின்னதை டிவியில பாத்திருப்பீங்க. அன்னைக்குச் சாயங்காலம் நாலு மணி இருக்கும். வருசாவருசம் என் வயல்ல கிடை போடுறவர், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், தலையில சாக்கைக் கொங்காணி போட்டுக்கிட்டு வாசல்ல நின்னார்.

"அண்ணாச்சி, ஓடையில தண்ணி ஏறுது. குட்டிகளை மட்டுமாவது உங்க தொழுவத்துல அடைச்சுக்கிடட்டுமா? ஒரு முப்பது உருப்படி இருக்கும்."

என் தொழுவம் மேட்டுல இருக்கு. ஆனா அன்னைக்குப் பாதித் தொழுவம் நிறைய கோயில் குடிலுக்கான சாமான். மூங்கில், தார்ப்பாய், தெர்மாகோல் மலை, சீரியல் செட்டு பண்டல். அந்த வருசம் கிறிஸ்துமஸ் கமிட்டிப் பொருளாளர் நான்தான். ஐம்பத்தி ரெண்டாயிரம் ரூவா சாமான், ஆட்டுக்குட்டி உள்ள வந்தா கடிச்சு நாசம் பண்ணிரும்.

"இடமில்லையே அண்ணாச்சி. பள்ளிக்கூடத்துப் பக்கம் பாருங்களேன்"ன்னேன்.

"சரி அண்ணாச்சி"ன்னு போயிட்டார்.

ராத்திரி குளம் உடைஞ்சது. அவரும் அவர் வீட்டம்மாவும் பள்ளிக்கூட மொட்டை மாடியில ஏறித் தப்பிச்சாங்க. ஆட்டை மாடி ஏத்த முடியுமா? எழுபது உருப்படியில மிஞ்சினது இருபத்தாறு. குட்டி ஒண்ணுகூட இல்ல. எனக்கு ரெண்டு ஏக்கர் வாழை சாஞ்சுது, ஒன்றரை மாசத்துப் பயிர் மேல முழங்கால் உயரத்துக்கு மணல். தொழுவத்துக்குள்ள தண்ணி வரல. தெர்மாகோல் நனையவே இல்ல.

சரியா எட்டாம் நாள் கிறிஸ்துமஸ். கரண்டு இல்ல. பொம்பளையாளுங்க கோயிலுக்குள்ள கிடந்த சகதியை வாரிக் கொட்டிக் கழுவினாங்க. ஸ்டார் இல்ல, குடில் இல்ல, கீபோர்டு இல்ல. பாதிப் பேருக்கு மாத்துத்துணியே இல்லாதப்ப புதுத்துணி எங்க? மெழுகுவத்தி வெளிச்சத்துல குருவானவர் அந்தப் பகுதியை வாசிச்சார். சத்திரத்துல அவங்களுக்கு இடமில்லைன்னு ஒரு வரி வரும். நாப்பது வருசமாக் கேக்குற வரி. அன்னைக்குத் தலையைத் தூக்க முடியல.

ஆராதனை முடிஞ்சு பள்ளிக்கூடத்துல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம். திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து பாய்மார் சில பேர் வேன்ல கொண்டாந்த சோறு. கிடைக்காரர் எனக்குப் பக்கத்து இலை. சாப்பாட்டுக்கு நடுவுல என்னைப் பாத்துக் கேட்டார், "வாழை பூராம் போயிட்டாமே அண்ணாச்சி?" எனக்கு ஆறுதல் சொன்னார். நான் குட்டிகளைப் பத்தி வாயைத் திறக்கல.

என் நினைவுல கிறிஸ்துமஸ் கிறிஸ்துமஸா இருந்தது அந்த வருசம்தான்னு ஊர்ல பல பேர் இப்பவும் சொல்றாங்க. அது எனக்கும் தெரியும். ஆனா வெள்ளம் வந்தாத்தான் நமக்கு அர்த்தம் புரியும்னா அது என்ன பண்டிகை? மறு வருசமே ஸ்டார் இருபது அடி ஆச்சு. இந்த வருசம் முப்பது.

நேத்து ராத்திரி பசங்களை வீட்டுக்குக் கூப்பிட்டேன். மூணு விசயம் கேட்டேன். டிஜே வேண்டாம், பழையபடி நடந்து போயி வீட்டுக்கு வீடு நிப்போம். குடில் போட்டியை நிறுத்திட்டு, நிஜ வைக்கோல்ல ஒரே ஒரு குடில் கோயில் வாசல்ல வைப்போம், மறுநாள் அந்த வைக்கோல் மாட்டுக்குப் போகட்டும். மிஞ்சுற பணத்துல அன்னைக்கு மத்தியானம் அசனம். எங்க பக்கத்துச் சபைகள்ல அசனம்னா ஊர்ச் சாப்பாடு, யாரு எவருன்னு பாக்காம வரிசையா உக்கார வச்சுப் போடுறது. கிடைக்காரர் முதல் பந்தியில உக்காரணும்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் ஒருத்தன் கேட்டான், "அந்த வருசம் நீங்கதானே பொருளாளர் சித்தப்பா? அப்ப ஏன் இதெல்லாம் சொல்லல?"

தொழுவத்துக் கதையை அவங்ககிட்ட முதல் தடவையாச் சொன்னேன்.

டிஜேக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சாம், திரும்ப வராதாம். அதனால ஒரு நாள் டிஜே, மிச்ச நாள் நடைன்னு முடிவாச்சு. குடில் போட்டி நடக்கும், பரிசுப் பணம் மட்டும் அசனத்துக்குப் போகும். ஸ்டார் முப்பது அடிதான், அதுல அவனுங்க இறங்கி வரல. எனக்கு முழுத் திருப்தி இல்ல. இருந்தாலும் என் ரெண்டாயிரத்தைத் திருப்பிக் கேக்கல.

குடில் சாமான் இந்த வருசம் என் தொழுவத்துல வைக்க முடியாதுன்னு மட்டும் கண்டிப்பாச் சொல்லிட்டேன். இன்னைக்குக் காலையில தொழுவத்தைப் பெருக்கி, ஒரு ஓரத்துல மூங்கில் தட்டி கட்டி மறிச்சேன். கிடைக்காரருக்குப் போன் போட்டேன். மேட்டாங்காட்டுல மேய்ச்சல்ல இருந்தார். இப்ப அவர்கிட்ட நாப்பது உருப்படி இருக்கு, குட்டி பதினொண்ணு.

"அண்ணாச்சி, அன்னைக்கு என் தொழுவத்துல இடம் இருந்தது. இல்லேன்னு பொய் சொல்லிட்டேன். இனி மழைன்னா குட்டிகளை நேரா இங்க கொண்டாந்துருங்க"ன்னேன்.

ரொம்ப நேரம் ஆடு கத்துற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. அப்புறம், "சரி அண்ணாச்சி"ன்னார். அன்னைக்குச் சொன்ன அதே குரல்ல.