தானமும் சாசனமும்

காஞ்சிபுரத்துத் தறியும் கோயிற் சுவர்ச் சாசனமும் ஒரே வழக்கில் வந்து சேரக்கூடும் என்று சென்ற மாதம் வரையில் நாம் எண்ணியதில்லை.

நம்மிடம் படித்த நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன் நோட்டுப் புத்தகத்துடன் வந்தான். பாவு, ஊடை, அச்சு, விழுது, கோர்வை என்று தகப்பனார் சொல்லக் கேட்ட தொழிற் சொற்களை அவற்றின் விளக்கத்துடன் எழுதியிருந்தான்.

"ஐயா, இதை யாவரும் விலையின்றி எடுத்தாள வேண்டும். ஆனால் அப்பா பெயர் அழியக் கூடாது. எப்படி எழுதிவைப்பது?" என்றான்.

'கிரியேட்டிவ் காமன்ஸ்' அனுமதிப் பத்திரம் ஒன்றும் அவன் கையில் இருந்தது. அமெரிக்காவில் 2001-ல் தோன்றிய ஸ்தாபனம் அது. பெயரைக் குறிப்பிட்டுவிட்டு எவரும் பயன்படுத்தலாம் என்பது அப்பத்திரத்தின் சாரம். "வேறு தேசத்தார் எழுதிய வாசகம் நம் நீதிஸ்தலத்தில் செல்லுமா?" என்பது தகப்பனாரின் ஐயம். நூலை இழுத்துப் பார்த்தே பாவு போடுகிறவர் அல்லவா!

ஐயம் நியாயமானதே. நமது பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் இயற்றப்பட்டது. அனுமதி எழுத்தில் இருக்கவேண்டும் என்கிறது அதன் 30-வது பிரிவு. 2012 வரையில் உரிமையாளரின் கையொப்பமும் வேண்டியிருந்தது. முகமறியாத லக்ஷம் பேருக்கு யார் கையொப்பமிட முடியும்? அவ்வாண்டுத் திருத்தம் அந்த நிபந்தனையை நீக்கியது. மற்றொரு சிக்கலும் உண்டு. காலம் குறிக்காத அனுமதி ஐந்தாண்டோடு முடியும்; இடம் குறிக்காதது இந்தியாவுக்குள்ளேயே நிற்கும். என்றென்றைக்கும் கொடுத்ததாகக் கருதியவர் ஆறாம் ஆண்டில் திகைக்க நேரிடலாம்.

2007-ல் இந்தியச் சட்டத்துக்கு இசைய ஒரு வாசகம் வெளிவந்தது. 2013-ல் வந்த நான்காம் பதிப்பு எல்லாத் தேசங்களுக்கும் பொதுவானது. நாட்டுக்கொரு வாசகம் எழுதும் வழக்கம் அத்துடன் நின்றது. உலகமெங்கும், பதிப்புரிமை உள்ளவரை என்று இடமும் காலமும் அதிலேயே கூறப்பட்டிருக்கின்றன. பெயரைப் பற்றிய கவலைக்கு நமது சட்டத்தின் 57-வது பிரிவு துணை நிற்கிறது. உரிமையை விற்றுவிட்டாலும், தாமே ஆசிரியர் என்று சொல்லும் பாத்தியம் ஆசிரியரை விட்டுப் போவதில்லை. சொற்கள் எவருக்கும் சொத்தல்ல. விளக்கிய உரைக்கே உரிமை உண்டு. ஆதலின் தகப்பனாரையும் ஆசிரியராகவே முகப்பில் குறிக்கச் சொன்னோம்.

நமது மாகாணத்துக்கு இது புதிய விஷயமன்று. பாரதியாரின் பாடல்களுக்குரிய உரிமையைச் சென்னை சர்க்கார் 1949-ல் பெற்றுப் பின்னர் பொதுவாக்கிற்று. இவ்வூரில் பிறந்த அண்ணாதுரை 1969-ல் காலமானார். ஆசிரியர் மறைந்து அறுபதாண்டு என்னும் கணக்கின்படி அவர் நூல்களின் உரிமை 2029 முடிய இருக்க வேண்டும். தமிழக அரசோ 1995-லேயே அவற்றை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. வாரிசுகளுக்குப் பரிவுத் தொகை அளித்து நூலை மக்களுக்கு உரியதாக்கும் இந்த ஏற்பாடு போற்றத் தக்கது.

ஆயினும் ஒன்று சொல்வோம். 'நாட்டுடைமை' என்னும் சொல் 1957-ஆம் வருஷத்துச் சட்டத்தில் இல்லை. அச்சிடலாம், சரி, சுருக்கலாமா, மாற்றலாமா, மொழிபெயர்க்கலாமா என்று பள்ளிக்கூடத்தார் கேட்டால் யார் விடை பகர்வது? நாட்டுடைமை என்று அறிவிப்பது தானம். எவ்விதம் ஆளலாம் என்று எழுதுவதே சாசனம். அந்த நான்கு வரிகள் ஒவ்வொரு நூலின் முகப்பிலும் இடம்பெற வேண்டும்.

எட்டாம் நூற்றாண்டில் காஞ்சியை வென்ற சாளுக்கிய விக்கிரமாதித்தன், கைலாசநாதர் கோயிற் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைக் கன்னடத்தில் கல்லிலும் பொறித்தான். வாசகம் அயல் மொழி. பொறித்த கல்லும் பெற்ற பயனும் நம்முடையவை.

நேற்று அப்பிள்ளை மறுபடி வந்தான். முதற் பக்கத்தில் அனுமதியும், அதன் பொருள் தெளிவான தமிழிலும் இருந்தன. அடியில் தகப்பனாரின் கையொப்பம். "சட்டம் இதைக் கேட்கவில்லையே, தம்பி" என்றோம்.

"தெரியும் என்றார் ஐயா. கொடுக்கிறவன் கைப்பட எழுதிக் கொடுப்பதுதான் முறை என்று சொல்லிவிட்டார்."