பன்னிரண்டு மாதமும் வரும் பணம்

மார்ச் 31 நெருங்குகிறது. வீடு தேடிப் போய் நோய் ஆதரவு சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்) தரும் குழுக்களில் இந்நேரம் ரசீதுப் புத்தகங்கள் மேசைமேல் விரிந்து கிடக்கும். வரவையும் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு, துண்டு விழும் தொகைக்கு யாரைப் பிடிக்கலாம் என்ற பேச்சு எழும். ஏதாவது நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி கிடைக்குமா, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் யாராவது கொடுப்பாரா, ஒரு கச்சேரி வைக்கலாமா என்று யோசனைகள் வரும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. கடந்த பன்னிரண்டு மாதங்களில் எந்தெந்த மாதம் பணம் வந்தது? எத்தனை பேரிடமிருந்து வந்தது? அடுத்த ஆண்டு உங்கள் குழு நிற்குமா நிற்காதா என்பதை மொத்தத் தொகையைவிட இவ்விரண்டுக்கான விடைகளே தெளிவாகச் சொல்லும்.

நம் வேலையின் செலவுக் கணக்கு அப்படிப்பட்டது. மார்ஃபின் மாத்திரை விலை குறைந்த மருந்து. அதை முறைப்படி எழுதித் தரும் மருத்துவரும், புண்ணைச் சுத்தம் செய்யும் செவிலியரும், அவர்களை வீட்டுவாசலில் இறக்கிவிடும் வண்டியும்தான் செலவு. கதீட்டர் மாற்ற வேண்டிய நாளைத் தள்ளிப்போட முடியாது; சம்பளத் தேதியும் டீசலும் அப்படியே. ஏப்ரலில் வந்த பெருந்தொகை அக்டோபரில் தீர்ந்துபோனால், நவம்பரில் படுக்கையில் இருப்பவருக்கு நாம் என்ன சொல்வது? ஒருவரைப் பார்க்கத் தொடங்கிவிட்டு நடுவில் நிறுத்துவதை நம் துறை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காது.

ஒரே மூச்சில் திரட்டும் நிதிக்கு அதற்குரிய இடம் உண்டு. 2011 ஜூலையில் இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியான பருத்தித்துறை வரை ஒரு நடைப்பயணம் நடந்தது. ‘ட்ரெயில்’ என்ற பெயரில் நேத்தன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் முன்னின்று நடத்திய அந்தப் பயணம் 27 நாளில் ஏறத்தாழ 670 கிலோமீட்டரைக் கடந்தது. போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நாட்டில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். அதில் திரண்ட நிதியில் எழுந்த தெல்லிப்பழை புற்றுநோய் மருத்துவமனை 2013இல் திறக்கப்பட்டது. 2016இல் வடக்கிலிருந்து தெற்காக நடந்து, காலியில் உள்ள கராப்பிட்டிய மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு நிதி திரட்டினார்கள். இந்த முயற்சியில் நாம் கவனிக்க வேண்டியது அதன் பொருத்தம். கட்டடம் ஒருமுறைச் செலவு; அதற்கு ஒருமுறைத் திரட்டல் போதும். அதன்பின் மருத்துவருக்கும் தாதியருக்கும் சம்பளம் தருவது அரசின் பொறுப்பு. அப்படித் தாங்க யாரும் இல்லாத ஒரு வீட்டுப் பராமரிப்புக் குழு, ஆண்டுக்கு ஒரு மாரத்தானை நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதை நம்மில் பலர் நேரிலேயே பார்த்திருக்கிறோம்.

தொடர்செலவுக்குத் தொடர்வரவு தேடிய இடம் கேரளம். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோரின் முயற்சியில் வலி நிவாரண, பாலியேட்டிவ் கேர் சங்கம் ஒரு புறநோயாளிப் பிரிவாகத் தொடங்கியது. நோய் முற்றியவரால் பேருந்து ஏறி வர முடியாது. சிகிச்சை மிகத் தேவைப்படும் கட்டத்தில்தான் அவர் வருவதை நிறுத்துகிறார். இந்தச் சிக்கலுக்கு விடையாகத்தான் 2001இல் அக்கம்பக்கத்தார் வலையமைப்பு உருவாகி, மலப்புறம் முதலிய வட மாவட்டங்களில் வேகமாகப் பரவியது. வாரம் இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடியவர்களைத் திரட்டி, 16 மணி நேர வகுப்பும் நான்கு நாள் வீட்டுப் பராமரிப்புப் பயிற்சியும் கொடுத்தார்கள். பயிற்சி முடித்தவர்கள் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து தத்தம் பகுதியில் குழு அமைத்தார்கள். நோயாளியைக் கண்டறிவதும் நிதி திரட்டுவதும் அந்தக் குழுவின் வேலை. மருத்துவரும் செவிலியரும் அதற்குத் துணை.

அந்தக் குழுக்களின் நிதியாண்டைப் புரட்டினால் பெரிய கொடையாளர் பெயர்கள் குறைவு. ஜனவரி 15, கேரளத்தின் பாலியேட்டிவ் கேர் தினம். அன்று ஊர்வலமும் வசூலும் நடக்கும். ரமலான் மாதத்தில் ஜகாத் வரும். ஓணம், கிறிஸ்துமஸ் காலங்களில் அரிசி மளிகையாகவும் பணமாகவும் வரும். ஒரு நாள் ஓடிய வருமானம் முழுவதையும் தனியார் பேருந்து உரிமையாளர்கள் கொடுப்பார்கள். அன்று ஓட்டுநரும் நடத்துநரும் சம்பளத்தை விட்டுக்கொடுப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் சில்லறை சேர்ப்பார்கள். திருமண வீட்டார் ஒரு பங்கு ஒதுக்குவார்கள். மீதி மாதங்களைக் கடைகளில் வைத்த உண்டியல்கள் தாங்கும். எதுவும் பெருந்தொகை அல்ல. ஆனால் ஒருவர் நிறுத்திக்கொண்டால் வண்டி நிற்காது.

சிறுகச் சிறுக வாங்குவதால் வேறொரு பலனும் உண்டு. பணத்தைவிட அது பெரிது என்றே சொல்லலாம். உண்டியல் எடுக்கப் போகும் தொண்டரிடம்தான் கடைக்காரர் சொல்வார்: “பின்தெருவுல ஒரு அம்மா படுத்த படுக்கையா கெடக்காங்க, ஒரு எட்டு பாத்துட்டு வாங்க.” வசூல் சுற்றும் நோயாளியைக் கண்டறியும் சுற்றும் ஒன்றாகிவிடுகின்றன. பணம் கொடுத்தவர் அடுத்த மாதம் தண்ணீர்ப் படுக்கையைத் தூக்க வருகிறார். அதற்கடுத்த ஆண்டு பயிற்சி வகுப்பில் உட்கார்கிறார். தலைநகரத்தில் எழுதப்படும் ஒரு காசோலையால் இது நடக்காது.

கேரளத்தை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. 2008இல் மாநில அரசு பாலியேட்டிவ் கேர் கொள்கையை அறிவித்து, ஊராட்சிகள் செவிலியரை நியமிக்கத் தொடங்கிய பின், தொண்டர்களின் இடம் சுருங்குகிறதா என்ற விவாதம் அங்கேயே எழுந்தது. கட்சிகளும் மத அமைப்புகளும் இந்த வேலையில் இறங்கியதால் சேவை பெருகியது. யார் பெயர் பலகையில் என்ற போட்டியும் சேர்ந்தே வந்தது. ஊர்ப்பணத்தில் நடக்கும் எந்த வேலையும் ஊர்ச்சண்டைக்கு விலக்கல்ல. சாதி பார்த்துக் கொடுப்பவர்களும், கொடுத்த உரிமையில் இன்னார் வீட்டுக்குப் போகாதே என்பவர்களும் நம் பக்கம் இருக்கவே செய்வார்கள். எந்த வீட்டுக்குப் போவது என்பதை நோய்தான் முடிவு செய்யும், நன்கொடையாளர் அல்ல என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதிவைப்பது நல்லது.

தமிழ்நாட்டின் நிலை வேறு. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நோய் ஆதரவு சிகிச்சையையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. அரசு செவிலியர் வரும் வீட்டுக்கே நாமும் அதே வேலையோடு போவது பணத்தை வீணாக்குவது. அவர் வராத நாளின் வருகை, இரவில் எடுக்கப்படும் தொலைபேசி, பராமரிக்கும் மகளுக்கோ மருமகளுக்கோ பயிற்சி, வருமானம் நின்றுபோன குடும்பத்துக்கு அரிசி, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், பெரியவர்களுக்கான டயப்பர், மருத்துவமனைக்குப் போகவர வண்டிச் செலவு ஆகியவைதான் ஊர்ப்பணம் தேட வேண்டிய இடங்கள். வட்டார மருத்துவ அலுவலரோடு மாதம் ஒருமுறை உட்கார்ந்து பெயர்ப்பட்டியலை ஒத்துப்பார்த்தால் இந்த இடைவெளி தானே தெரியும்.

ஊர்கூடிப் பணம் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போட்டு, வீடு வீடாக வாங்கி, கடைசியில் ஊர் முன்னால் கணக்கு வாசிக்கிறோம். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்தில் எழுதப்படும் நோட்டு, பல ஆண்டுகளுக்குப் பிறகும் யார் எவ்வளவு என்று பிசகாமல் சொல்லும். இந்த இரண்டிலும் உயிர்நாடி கணக்குதான். கொடுத்தவர் பெயர் எழுதப்படுகிறது. செலவு எல்லார் காதிலும் விழுகிறது. நம் குழுக்கள் பிரசுரத்துக்குச் செலவிடும் அக்கறையில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும்.

பெயர் எழுதுவதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வகுத்த விதிப்படி, ஓர் அறக்கட்டளைக்கு வரும் பெயர் தெரியாத நன்கொடை ஒரு லட்சம் ரூபாயையோ மொத்த நன்கொடையில் 5 சதவீதத்தையோ, இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீதம் வரி. உண்டியலை மட்டுமே நம்பும் குழு இதில் எளிதாகச் சிக்கும். கடைக்காரர் பெயரில் ரசீது போடும் வழக்கம் சரியா என்பதையும் தணிக்கையாளரிடம் கேட்டுவிடுங்கள், உண்டியலில் பணம் போட்டது அவரல்லவே. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு நன்கொடைக்கான வரிச்சலுகை (பழைய சட்டத்தில் பிரிவு 80ஜி) கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியுள்ளன. பழைய ரசீதுப் படிவத்தை அப்படியே அச்சடிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நிதி கேட்கும் சுவரொட்டியில் எலும்பும் தோலுமான நோயாளியின் படத்தைப் போட்டால் பணம் விரைவாக வரும் என்று சொல்லித்தர ஆலோசகர்கள் இருக்கிறார்கள். வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் படத்துக்குச் சம்மதம் தந்தவர், நம் வண்டி நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் இருப்பவர். அவர் ‘சரி’ என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள நம் தொழில் நெறி இடம் தராது. செவிலியரின் பையைக் காட்டுங்கள், ஒரு மாத வண்டிக் கணக்கைக் காட்டுங்கள். தங்கள் தெருவுக்கு எத்தனை முறை போய் வந்தோம் என்ற விவரத்துக்குப் பணம் தரும் மக்கள் இருக்கிறார்கள்.

ஏப்ரல் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு குழுவும் மூன்று வேலைகளை முடிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். முதலாவது, சென்ற ஆண்டின் வரவை மாதவாரியாகப் பிரித்து, எந்த மாதம் காய்ந்தது என்று பாருங்கள். இரண்டாவது, மொத்த வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தால் அதை அபாயக் குறியாக எடுத்துக்கொண்டு, அந்தத் தொகையைச் சம்பளத்துக்குப் பயன்படுத்தாமல் கருவிகளுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். மூன்றாவது, கணக்கை ஊர் நடுவில், கொடுத்தவர்கள் காதுபட வாசியுங்கள். கேள்வி கேட்பவர் வரட்டும். கேட்டவரையே அடுத்த ஆண்டு பொருளாளராகப் போடுங்கள்.