ஊர்ப்பொது யாருக்குப் பொது?

சென்னையிலிருந்து பூந்தமல்லிக்குப் பஸ்ஸில் போகின்றவர்கள், மதுரவாயல், வானகரம் தாண்டியவுடன் கண்டக்டர் "வேலப்பன்சாவடி" என்று கூவுவதைக் கேட்டிருப்பார்கள். இன்னும் சிறிது தூரம் போனால் குமணன்சாவடி, கரையான்சாவடி என்று மேலும் இரண்டு சாவடிகள் வரும். தினந்தோறும் இப்பெயர்களைச் சொல்லி டிக்கெட் வாங்குகின்ற ஜனங்களில் எத்தனை பேர் சாவடி என்றால் என்ன என்று ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பார்கள்?

சாவடி என்பது வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்கவும், இரவில் தலை சாய்க்கவும் ஏற்பட்ட இடம். கிராமங்களில் அதுவே ஊர்க் கூட்டம் கூடுவதற்கும், வழக்குத் தீர்ப்பதற்கும், கணக்குப்பிள்ளை கணக்கெழுதுவதற்கும் உதவி வந்தது. அதாவது, தனி ஒருவனுக்குச் சொந்தமல்லாத, எல்லோருக்கும் பொதுவான கூரை என்பதே அதன் பொருள். ஆனால் அந்தக் கூரையின் கீழ் எல்லோரும் உட்கார்ந்தார்களா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்லியாக வேண்டும்.

எல்லோரும் உட்கார்ந்திருந்தால், 1924 ஆம் வருஷத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டிய அவசியமே ஏற்பட்டிருக்காது. அவரும் இந்தப் பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் பிறந்தவரே. பொது ரஸ்தா, பொதுக் கிணறு, குளம், பொதுக் கட்டிடம், பொது ஜனங்கள் கூடும் இடம் ஆகிய இவற்றிற்கு எந்த வகுப்பாரும் போகலாம், யாரும் தடுக்கக் கூடாது என்பதே அத்தீர்மானத்தின் சாரம். தன் சொந்த ஊரின் தெருவில் நடப்பதற்கு ஒரு மனிதனுக்குச் சட்டசபையின் அனுமதி வேண்டியிருந்தது! அதே தெருவில் நடந்த ஆட்டிற்கும் மாட்டிற்கும் நாய்க்கும் எந்தத் தீர்மானமும் வேண்டியிருக்கவில்லை.

நிற்க. "இதெல்லாம் நூறு வருஷத்துப் பழைய சங்கதி. இன்று வேலப்பன்சாவடியில் மருத்துவக் கல்லூரி இருக்கின்றது, பல் மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகின்றவனை நீ என்ன ஜாதி என்று கேட்பார் உண்டா?" என்று சில நண்பர்கள் நம்மைக் கேட்கலாம். பட்டணத்துக் காற்றுப் பட்ட இடங்களில், நாலு பேர் பார்க்கும் ரஸ்தாவில் ஜாதி கேட்பது குறைந்திருக்கின்றது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ரஸ்தாவை விட்டு இறங்கி எந்த ஊருக்குள்ளாவது சென்று பாருங்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள். சுடுகாடு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, ஊர்த் திருவிழாவின் வசூல் நோட்டை வாங்கிப் பாருங்கள். ஊரின் உண்மையான யோக்கியதை அந்த நோட்டில்தான் எழுதப்பட்டிருக்கும்.

ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் பக்கத்துக் கிராமங்களில் தெருவுக்குத் தெரு கூழ் வார்த்தல் நடக்கின்றது. அதற்கென்று தலைக்கட்டு வரி போடப்படுகின்றது. பந்தல், சீரியல் விளக்கு, ஒலிபெருக்கி, வாணவேடிக்கை, ஆளுயர பேனர் என்று பணம் பறக்கின்றது. இங்கு நாம் சாமி உண்டா இல்லையா என்ற வாதத்திற்கு வரவில்லை. அதைப்பற்றி வேறு சமயங்களில் வேண்டிய அளவு சொல்லியிருக்கின்றோம். கும்பிட வேண்டும் என்பவர் தம் சொந்தக் காசில் கும்பிட்டுக் கொள்ளட்டும். ஆனால் "ஊர்ப்பொது" என்று பேர் சொல்லி ஒரு காரியம் நடக்கின்றபோது, அது எதுவாயினும், அதைப்பற்றி மூன்று கேள்விகள் கேட்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்றே சொல்லுவோம்.

முதற் கேள்வி: வரி யாரிடம் வாங்கினீர்கள்? யாரிடம் வாங்காமல் விட்டீர்கள்? "பாவம், ஏழைகள், அவர்களிடம் எதற்கு வாங்குவது?" என்று பல ஊர்களில் ஊருக்கு வெளியே இருக்கும் மக்களை விட்டுவிடுகின்றார்கள். கேட்பதற்கு இது தயவு போலவே தோன்றும். உண்மையில் இது தயவல்ல, தந்திரமாகும். வரி வாங்கினால் பங்கு கொடுக்க வேண்டும், மரியாதை கொடுக்க வேண்டும், கூட்டத்தில் இடம் கொடுக்க வேண்டும், சாமியை அவர்கள் தெருவுக்கும் கொண்டு போக வேண்டும். ஆகவேதான் அந்தக் காசு வேண்டியதில்லை என்கின்றார்கள். காசு வாங்க மறுப்பதன் அர்த்தம், "நீ இந்த ஊர்க்காரன் அல்ல" என்பதே.

இரண்டாவது கேள்வி: பேசும் உரிமை யாருக்கு? கூழ் காய்ச்சுகின்றவர்கள் பெண்கள், தண்ணீர் சுமக்கின்றவர்கள் பெண்கள், கோலம் போடுகின்றவர்கள் பெண்கள். ஆனால் கணக்குப் பார்க்கும் கூட்டத்தில் ஒரு பெண்ணாவது உட்கார்ந்ததுண்டா? உள்ளாட்சி ஸ்தானங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016 ஆம் வருஷத்தில் சட்டமான பிறகும், ஜெயித்த மனைவியை வீட்டில் வைத்துவிட்டுத் தலைவர் நாற்காலியில் தான் போய் உட்காருகின்ற புருஷன்மார் இருக்கின்றார்களா, இல்லையா?

மூன்றாவது கேள்வி: மறுநாள் காலையில் ஊருக்கு மிச்சமானது என்ன? குப்பையும் கடனும் சண்டையுமா? அல்லது ஒரு படிப்பகமோ, தூர் வாரிய குளமோ, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கக்கூசோ மிச்சமாயிற்றா?

நாம் மிகைப்படுத்திச் சொல்லுவதாக யாரேனும் நினைப்பார்களானால், நம் தமிழ்நாட்டின் வேறு ஜில்லாக்களில் நடந்த சங்கதிகளைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக் கொள்ளட்டும். மதுரை ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் ஜில்லாவில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது என்கின்ற ஒரே காரணத்திற்காக, 1996 முதல் பத்து வருஷ காலம் அங்கு ஒழுங்காகத் தேர்தல் நடக்கவில்லை. மனுப்போட ஆள் இல்லாமற் செய்தார்கள். மீறி வந்தவர்களை ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006 ஆம் வருஷத்தில்தான் அந்தப் பிடிவாதம் முறிந்தது. மேலவளவிலோ, அப்படித் தலைவரான முருகேசன் அவர்களையும் வேறு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 இல் பட்டப்பகலில் பஸ்ஸில் வைத்தே வெட்டிக் கொன்றார்கள். ஊருக்குத் தலைவன் என்று ஜனங்கள் ஓட்டுப் போட்டும், "ஊர்" என்ற சொல்லுக்குள் அவரைச் சேர்க்க மனம் வரவில்லை.

இதுவும் பழசு என்பீர்களானால், 2022 டிசம்பரில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. அதைச் செய்தது யார் என்பது வழக்கின் விஷயம். நாம் அதற்குள் போகவில்லை. ஆனால் அதை விசாரிக்கப் போன அதிகாரிகளின் கண்ணில் அங்கு இன்னும் என்ன பட்டது? டீக்கடையில் இரட்டைக் குவளை! ஐயனார் கோயிலுக்குள்ளே நுழையக் கலெக்டர் முன்னே நடந்து வழிகாட்ட வேண்டியதாயிற்று! 1924 இன் தீர்மானத்திற்கும் இதற்கும் இடையில் தொண்ணூற்றெட்டு வருஷங்கள் ஓடியிருக்கின்றன என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகின்றோம்.

இதற்குச் செய்ய வேண்டியதென்ன? புலம்புவதால் ஒன்றும் ஆகிவிடாது. சட்டம் நமக்கு ஒரு சாவடியைக் கட்டித்தான் கொடுத்திருக்கின்றது. நாம்தான் அதில் போய் உட்காருவதில்லை. ஊராட்சியில் குடியிருக்கின்றவர்களுக்குக் கிராமசபை இருக்கின்றது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும், ஆணாயினும் பெண்ணாயினும், எத்தெருவாராயினும் அதில் அங்கத்தினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் அதற்காகக் குறிக்கப்பட்டிருக்கின்றது. பத்து வருஷம் தேர்தல் மறுத்த அதே பாப்பாபட்டியில், 2021 அக்டோபர் 2 ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் அவர்கள் கிராமசபையில் ஜனங்களோடு உட்கார்ந்தார். நகரத்தோடு சேர்ந்துவிட்ட ஊர்களுக்கும் பகுதி சபை என்பது 2022 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றது. ஆகவே, நாங்கள் பட்டணத்தோடு சேர்ந்துவிட்டோம், எங்களுக்கு இடமில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

தோழர்களே! திருவிழாப் பந்தலில் விடிய விடியக் கண் விழிக்க நமக்கு முடிகின்றது. கிராமசபையில் இரண்டு மணி நேரம் உட்கார முடியவில்லை. அங்குதான் குடிதண்ணீரைப்பற்றிக் கேட்க வேண்டும், சாக்கடையைப்பற்றிக் கேட்க வேண்டும், செலவுக் கணக்கை வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். போகின்றபோது தனியே போகாதீர்கள். வீட்டுப் பெண்களோடு போங்கள். ஊருக்கு வெளியே என்று ஒதுக்கப்பட்ட தெருவுக்குப் போய், அங்குள்ள தோழர்களையும் கூட அழைத்துக் கொண்டு, ஒரே ஜமக்காளத்தில் உட்காருங்கள். தனிச் சுடுகாடு எதற்கு என்று ஒருவராவது எழுந்து கேளுங்கள். முதல் தடவை முறைப்பார்கள். இரண்டாம் தடவை முணுமுணுப்பார்கள். மூன்றாம் தடவை பதில் சொல்லித்தான் தீர வேண்டியிருக்கும்.

"காலனி" என்ற சொல்லை அரசாங்கப் பதிவுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டசபையில் அறிவித்தார்கள். நல்ல காரியமே. நாம் பாராட்டுகின்றோம். ஆனால் காகிதத்திலிருந்து போன சொல் மனத்திலிருந்தும் போக வேண்டுமானால், அதற்கு அரசாங்கம் போதாது, ஊரார் வேண்டும். வழியில் போகின்ற எவனோ ஒருவனுக்குக் கூரை போட்டுக் கொடுத்த ஊர்கள், தன்னோடு பிறந்து தன்னோடு உழைத்துத் தன்னோடு சாகின்றவனை வெயிலில் நிறுத்தியிருப்பது எவ்வளவு வெட்கக்கேடு! அவன் வந்து சரிசமமாக உட்காருகின்ற அன்றைக்குத்தான் சாவடி என்ற பெயருக்கு நம் ஊர்கள் யோக்கியதை உடையனவாகும்.