கார்டு சரி, கரன்ட்?

ரெடிமேட் ஆடைகளுக்குப் பெயர்பெற்ற புதியம்புத்தூரில் யூனிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பில், கணக்கு, டிசைன் படங்கள் என்று சேரச் சேர ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிடும். மதர்போர்டில் சாட்டா போர்ட் காலி இல்லையா? பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் கன்ட்ரோலர் கார்டு செருகி இன்னொரு டிஸ்க் மாட்டலாம். தவறே இல்லை.

ஆனால் கார்டு தருவது டேட்டா போகும் வழியை மட்டுமே. 7 பின் கேபிள் அதற்குத்தான். அது 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. டிஸ்க் சுழலத் தேவையான கரன்ட், 15 பின் கனெக்டர் வழியாக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வர வேண்டும். கார்டுக்கு விலை விசாரிக்கும் நாம், எஸ்எம்பிஎஸ்ஸில் இந்தக் கனெக்டர் மிச்சம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இல்லையென்றால் கடையில் மோலெக்ஸ்-சாட்டா கன்வெர்ட்டர் தருவார்கள். இங்கேதான் சிக்கனம் வேண்டாம் என்கிறேன். வயர்களை வைத்து பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு ரகத்தில், உள்ளே வயர்கள் ஒன்றையொன்று தொட்டு, கனெக்டர் உருகித் தீப்பிடித்ததுண்டு. ஒவ்வொரு வயரும் தனித்தனியாகப் பொருத்தப்பட்ட கிரிம்ப் ரகத்தையே கேளுங்கள். கடைக்காரர் 'இரண்டும் ஒன்றுதான் சார்' என்பார். பக்கத்தில் துணிக்கட்டு அடுக்கியிருப்பவர் அதை நம்பக் கூடாது.

மாட்டும்போது பவர் கார்டை பிளக்கிலிருந்தே உருவிவிடுங்கள்.