ரெண்டு வருச அனுபவத்தை எந்தக் கடையில் வாங்குவது?

ஏ.எல். பெறுபேறு வந்த கையோடு எங்கட சந்திகளில் பதாகைகள் முளைக்கும். ஆறு மாதத்தில் ஐரி டிப்ளோமா, வேலைக்கு உத்தரவாதம், முதல் ஐம்பது பேருக்குக் கட்டணக் கழிவு. கம்பஸ் கிடைக்காத பிள்ளை இருக்கிற வீடு அந்த நாட்களில் செத்தவீடு மாதிரி. அது தெரிந்துதான் பதாகை அங்க கட்டப்படுகிறது. அம்மாவின்ர சங்கிலி அடகுக்குப் போகும். பிள்ளை படிக்கத் தொடங்கும்.

எங்களில் ஒருவரின் கதையும் இதுதான். டிப்ளோமாவை லமினேற் பண்ணி வைத்துக்கொண்டு ஒரு வருடம் சிவி அனுப்பினார். பார்த்த வேலை ஹெல்ப் டெஸ்க். விளம்பரம் கேட்டது பட்டம், இரண்டு வருட அனுபவம், சிசிஎன்ஏ இருந்தால் இன்னும் நல்லது. அப்படி என்னதான் இருக்கிறது அந்த வேலையில்? பாஸ்வேர்ட் மறந்தவருக்கு மாற்றிக் கொடுப்பது, பிறின்ரர் ஏன் வேலை செய்யேல்லை எண்டு பார்ப்பது, புதிதாக வந்தவரின் கொம்பியூட்டரை நெற்வேர்க்கில் சேர்ப்பது, எட்டு வயரையும் நிற வரிசையில் பிடித்துக் கேபிள் முனையை அடிப்பது. இதுக்கு வேண்டியது பழகின கையும் பொறுமையும். தொடக்க வேலைக்கே அனுபவம் கேட்கிறவை, அந்த அனுபவம் எங்க விக்கிறாங்கள் எண்டும் விளம்பரத்தில போட்டால் நல்லம்.

"சேர்ட்டிபிக்கற் எல்லாம் சும்மா, திறமைதான் முக்கியம்" என்று மேடைகளில் பேசுகிறவர்களிலும் எங்களுக்குக் கோபம்தான். அப்படிச் சொல்கிறவரிடம் பெரும்பாலும் ஒரு பட்டம் இருக்கும். பட்டம் இல்லாதவரின் சிவியை ஒருவர் திறந்து பார்ப்பதற்கு ஒரு தாளாவது வேண்டும். எந்தத் தாள், எப்போது, யாருடைய காசில் என்பதுதான் எங்கள் கேள்வி.

சிசிஎன்ஏ சோதனைக்கு 300 டொலர். 2022 மார்ச்சுக்கு முதல் டொலர் இருநூறு ரூபாய் அளவில் நின்றபோது அது அறுபதினாயிரம். டொலர் முந்நூறைத் தொட்ட பிறகு தொண்ணூறாயிரம். பெயிலானால் திரும்பவும் கட்ட வேண்டும். பாஸானாலும் மூன்று வருடத்தில் காலாவதி. வேலையில் இருப்பவருக்குக் கொம்பனி கட்டிக்கொடுத்தால் நல்ல விசயம். வேலையே இல்லாத ஒருவர் கடன்பட்டு எழுத வேண்டியதில்லை. அடிப்படையைப் படிக்க சிஸ்கோவின் இலவசப் பாடங்கள் இணையத்தில் இருக்கின்றன. நெற்வேர்க் கட்டிப் பழக பக்கற் ட்ரேசரும் இலவசம்.

பதாகைக் கடைகளின் முக்கியமான தந்திரம் ஒன்று இருக்கு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி இப்படியான நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிய வேண்டும். ஆனால் நிறுவனம் பதியப்படுவது வேறு, பாடநெறிக்கு அங்கீகாரம் கிடைப்பது வேறு. பதிவிலக்கத்தைக் கொட்டை எழுத்தில் போடுவினம், மற்றதைப் பற்றி மூச்சும் விடாயினம். போன தடவை நாங்கள் இரண்டு பேர் ஒரு கவுண்டரில், "இது என்.வி.கியூ. எத்தினையாம் மட்டம்?" எண்டு கேட்டம். "அதெல்லாம் பிறகு வரும் தம்பி, முதல் பதிவுக் காசைக் கட்டுங்கோ."

கொம்பியூட்டர் திருத்துகிற கடையில் மூன்று வருடம் நின்ற பெடியனுக்கு யாரும் சொல்லாத விசயம் ஒன்று: செய்த வேலையைக் காட்டி, மதிப்பீட்டுக்குப் போய் என்.வி.கியூ. சான்றிதழ் எடுக்கலாம். முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை என்று அதற்குப் பெயர். வகுப்புக் கட்டணம் இல்லாத வழிக்கு யார் பதாகை கட்டுவார்?

இன்னொன்று, எந்த டிப்ளோமாவும் சொல்லித்தராதது. ஹெல்ப் டெஸ்க்கில் பிரச்சினையை ஆங்கிலத்தில் எழுத வேணும். கொழும்பு என்றால் போனில் வருகிறவர் சிங்களத்தில் கத்துவார். எங்கட ஆள் கடைசியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிடப்பட்டு, இரவு பஸ்ஸில் போய், திரும்பி வந்தது இதனால்தான். றவுற்றர் பற்றின கேள்விக்கெல்லாம் சரியாகச் சொன்னவர். சங்கிலி அடகு வைத்த காசில் பாதி போதும், இரண்டு மொழியையும் பேசப் பழகியிருக்கலாம்.

கொம்பனிகளிடம் நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஹெல்ப் டெஸ்க் விளம்பரத்தில் இருந்து பட்டத்தை எடுங்கோ. ஆறு மாதம் பயிற்சிக்கு எடுத்தால் பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் காணுமளவுக்காவது சம்பளம் குடுங்கோ. எவ்வளவு எண்டதை விளம்பரத்திலயே போடுங்கோ.