சுங்கமும் சந்தேகமும்

பிரித்தானியாவுக்கு உறவினரைப் பார்க்கச் செல்லும் இலங்கையர் இரண்டு வாயில்களைக் கடக்க வேண்டியிருக்கிறது. ஒன்று அவருடைய பெட்டிக்குரியது. மற்றது அவருக்கே உரியது. முன்னதைச் சுங்கம் என்கிறோம். பின்னதை விசா என்கிறோம். இரண்டையும் ஒரே அரசுதான் நடத்துகின்றது. ஆயினும் பெட்டியை அது நடத்துகின்ற முறை வேறு. மனிதனை நடத்துகின்ற முறை வேறு. பெட்டிக்குக் கிடைக்கின்ற நீதி மனிதனுக்குக் கிடைப்பதில்லை என்பதே எமது குற்றச்சாட்டு.

பெட்டியின் சட்டத்தை முதலில் நோக்குவோம். பிரித்தானியாவுக்குட் புகும் பயணி 200 சிகரெட்டுகளைத் தீர்வையின்றிக் கொண்டுசெல்லலாம். 4 லீற்றர் சாராயம், 18 லீற்றர் வைன், 42 லீற்றர் பியர் ஆகியனவும் அவ்வாறே. ஏனைய பொருள்களுக்கு 390 பவுண் வரை தீர்வையில்லை. கையிலுள்ள காசு 10,000 பவுணை எட்டினால் அறிவித்தல் வேண்டும். இலங்கையிலிருந்து இறைச்சியோ பாலுணவோ கொண்டுசெல்லுதல் ஆகாது. ஆகவே, மகளுக்கென்று தாய் உருக்கிய நெய் விமான நிலையத்திலேயே பறிபோகும். மருமகனுக்கென்று வாங்கிய சாராயப் போத்தல் பத்திரமாக வீடுபோய்ச் சேரும்! கருவாட்டுக்குக்கூட வழியுண்டு, மீன்வகை ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதிக்கப்படுகின்றது.

இதைக் கண்டு சிரிக்கலாம்; சினங்கொள்ள நியாயமில்லை. 2001ஆம் ஆண்டில் கால்வாய் நோய் பரவியபோது அந்நாட்டிலே அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் கொன்றொழிக்கப்பட்டன. அந்நோய் இறைச்சியாலும் பாலாலும் பரவக் கூடியது. அத்தகைய அழிவைக் கண்ட நாடு பால் விடயத்தில் அஞ்சுவது இயல்பு. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வருவோர்க்கும் இத்தடை விதிக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரரின் பாற்கட்டியும் எங்கள் நெய்யும் அன்று ஒரே தட்டில் வைக்கப்பட்டன. சட்டம் என்பது இப்படித்தான் இருக்கவேண்டும். அளவு அச்சிடப்பட்டிருக்கிறது, காரணம் கூறப்பட்டிருக்கிறது, பொருள் எதுவென்று பார்க்கப்படுகிறதேயன்றி, அதைக் கொண்டுவருபவர் யாரென்று பார்க்கப்படுவதில்லை.

இனி மனிதனுக்குரிய வாயிலுக்கு வருவோம். வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர் 'உண்மையான வருகையாளர்' என்று அதிகாரியை நம்பவைத்தல் வேண்டும். குறித்த காலம் முடிந்ததும் திரும்பிவிடுவார், செலவுக்குப் போதிய பணமுடையவர் என்றெல்லாம் அவரே நிறுவுதல் வேண்டும். போதிய பணம் என்பது எவ்வளவு? சுங்கத்துக்கு 390 பவுண் என்று எழுதத் தெரிந்த அரசு இங்கே ஒரு தொகையும் எழுதவில்லை. திரும்பிவரும் எண்ணத்தை எதைக்கொண்டு அளப்பது? எண்ணத்தை நிறுக்கும் தராசு எந்த நாட்டிலும் இல்லை. எனவே அதிகாரி எண்ணத்தை விட்டுவிட்டு வங்கிக் கணக்கை நிறுக்கிறார்.

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை எண்ணிப்பாருங்கள். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் இலண்டனில் பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கிறாள். துணைக்குச் செல்லத் தாய் விண்ணப்பிக்கிறார். ஓய்வூதியப் பத்திரம், காணி உறுதி, வங்கிக் கணக்குக் கூற்று, மகளின் அழைப்புக் கடிதம் எல்லாவற்றையும் இணைக்கிறார். இப்பொழுது பாருங்கள், அவருடைய வாழ்க்கையின் ஒவ்வோர் உண்மையும் அவருக்கெதிரான சாட்சியாக மாறுகின்ற விந்தையை! கணவர் இல்லை, ஆகவே திரும்பி வருவதற்கு ஊரில் ஆளில்லை. ஒரே மகள் அங்கே இருக்கிறாள். ஆகவே தங்கிவிடக் காரணமுண்டு. ஓய்வூதியம் சிறிது; ஆகவே திரும்புவதற்குப் பொருளாதாரப் பிணைப்பில்லை. முன்னர் வெளிநாடு சென்றதில்லை. ஆகவே சென்று மீண்டவர் என்பதற்கு ஆதாரமில்லை. பயணச் செலவுக்காகச் சங்கிலியை விற்றுக் காசை வங்கியில் இட்டிருந்தாலோ, அக்காசு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். எந்தக் குற்றமும் செய்யாத ஒருவர், தனிமையாலும் வறுமையாலும் தாய்மையாலும் சந்தேகத்துக்குரியவராகிறார்.

ஆசிரியர் ஓய்வறையில் இப்பேச்சு எழும்போது நண்பரொருவர் தவறாமற் கூறுவார்: "அவன்ரை நாடு, அவன் வைச்சது சட்டம். நாங்கள் என்ன கேக்கிறது?" தன் வாயிலில் யாரை அனுமதிப்பதென்று தீர்மானிக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் உரிமை வேறு, அதனைப் பயன்படுத்தும் முறை வேறு. வரி அறவிடும் உரிமையுள்ள அரசு, தொகையைக் கூறாமல் வரி கேட்பதில்லை. தண்டிக்கும் உரிமையுள்ள நீதிமன்றம், உன் எண்ணத்தை நான் நம்பவில்லை என்று மாத்திரம் எழுதித் தண்டிப்பதில்லை. மேலும், 'அவன் நாடு' என்ற வாதத்தை அந்த அவனே எங்கள் நாட்டில் எப்போதாவது மதித்தானா? லெனாட் வூல்ஃப் 1904இன் இறுதியில் சிவில் சேவை உத்தியோகத்தராக இலங்கைக்கு வந்தபோது வோல்த்தேயரின் நூற்றொகுதியையும் நாயொன்றையும் உடன் கொண்டுவந்து, பின்னர் யாழ்ப்பாணத்துக் கச்சேரியில் அமர்ந்தார். அவர் நல்ல மனிதர். ஏகாதிபத்தியத்தைப் பின்னாளில் வெறுத்தவர். எனினும் திரும்பிப் போவீரா என்று அவரிடம் கேட்கும் அதிகாரம் யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

இந்த விசா என்றுமே இருந்த ஒன்றன்று. 1985ஆம் ஆண்டு மே மாதம் வரை இலங்கையர் பிரித்தானியாவைப் பார்த்துவர விசா பெறவேண்டியிருக்கவில்லை. 1983 யூலை வன்செயலின் பின்னர் உயிர்தப்பிய தமிழர் இலண்டனில் வந்திறங்கத் தொடங்கினர். அதற்கு விடையாகவே இலங்கையர்க்கு விசா விதிக்கப்பட்டது. பொதுநலவாய நாடொன்றின் குடிமக்கள்மீது பிரித்தானியா விசாவை விதித்தது அதுவே முதன்முறை. இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், நைஜீரியர், கானாவினர் மீதான விசா 1986இல் அறிவிக்கப்பட்டது. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் வந்திறங்கிய ஐம்பதுக்கு மேற்பட்ட தமிழரை உடனடியாகத் திருப்பியனுப்ப முயன்றபோது, அவர்கள் விமானத் தளத்திலேயே தம் ஆடைகளைக் களைந்து எதிர்த்து நின்றனர். அதனையடுத்து அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட சட்டம், உரிய பத்திரமில்லாத ஒவ்வொரு பயணிக்கும் 1,000 பவுண் தண்டத்தை விமானக் கம்பனிகள்மீது சுமத்தியது. எல்லைக் காவலரின் வேலையைக் கட்டுநாயக்காவிலே பயணச்சீட்டுப் பார்க்கும் எழுதுவினைஞரிடம் ஒப்படைத்த சட்டம் அது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிற் கையொப்பமிட்ட அரசு, அகதிகள் வாசலை அடையாதபடி வாசலையே எங்கள் ஊருக்கு நகர்த்திவிட்டது.

யுத்தம் 2009இல் முடிந்தது. அகதியைத் தடுக்கக் கட்டிய மதில் இன்று பேரப்பிள்ளையைப் பார்க்கப் புறப்படும் பாட்டியின் முன் நிற்கின்றது.

நம்மவரிற் பலர் தங்கிவிட்டார்கள், போலிப் பத்திரம் கொடுத்தார்கள், ஆகவே அரசு எச்சரிக்கையாக இருப்பதில் என்ன தவறு என்று வேறு சிலர் கேட்கின்றனர். போலி செய்தவரை அந்நாடு பத்தாண்டுகளுக்கு விலக்கிவைக்கச் சட்டமுண்டு. விலக்கட்டும். ஆனால் ஒருவர் செய்த பிழைக்கு அவருடைய நாட்டவர் அனைவரையும் பொறுப்பாளிகளாக்குவது எந்த நீதி? 2015 முதல் பிரித்தானிய உள்துறை அமைச்சு, விண்ணப்பங்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கும் கணினிக் கருவி ஒன்றைப் பயன்படுத்தியது. பிரிப்பதற்கான அளவுகோல்களில் ஒன்று விண்ணப்பதாரியின் தேசியம். சந்தேகத்துக்குரிய தேசியங்களின் பட்டியல் இரகசியமாக வைக்கப்பட்டிருந்தது! குடிவரவாளர் நலன் காக்கும் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்த பின்னரே, 2020 ஓகஸ்டில் அக்கருவி கைவிடப்பட்டது. ஆக, சந்தேகம் தனி மனிதரின் நடத்தையிலிருந்து பிறந்ததன்று. கடவுச்சீட்டின் அட்டையிலிருந்து பிறந்தது.

விதியின் ஐயமே போலிக்கும் உரமாகின்றது. தொகை சொல்லப்படாதபோது, எவ்வளவு காட்டினாலும் போதாதோ என்ற அச்சம் எழுகின்றது. அந்த அச்சத்தை விற்றுப் பிழைக்கின்றார்கள் ஏஜென்சிக்காரர்கள். வட்டிக்குப் பணம் வாங்கி ஒரு மாதம் வங்கியில் 'காட்டி' எடுக்கும் வழக்கம் எங்கள் ஊர்களில் யாரும் அறியாததன்று. நேர்மையான மனிதரைப் பொய்யராக்கிவிட்டு, அந்தப் பொய்யையே சந்தேகத்துக்குச் சான்றாகக் காட்டுவது எவ்வளவு வசதியான ஏற்பாடு!

கட்டணத்தையும் பார்த்துவிடுவோம். 2025 ஏப்ரலில் ஆறுமாத விசாவின் கட்டணம் 127 பவுணாக உயர்ந்தது. அன்றைய நாணயமாற்றில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபா. அதே மாதத்தில், விசா தேவைப்படாத அமெரிக்கரும் அவுஸ்திரேலியரும் இணையத்தினூடாகப் பெறும் முன்னனுமதிக்குச் செலுத்தியது 16 பவுண். எங்கள் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் பணம் திரும்பி வராது. விண்ணப்பத்தை ஏற்று விரலடையாளம் எடுப்பது அரச அலுவலகமன்று, தனியார் நிறுவனம். விரைவுச் சேவை, வசதியான இருக்கை என ஒவ்வொன்றுக்கும் அங்கே தனி விலையுண்டு. இவ்வியாபாரத்தில் எங்கள் ஆட்சியாளரும் சளைத்தவரல்லர். இலங்கைக்கு வருவோரின் விசா அலுவலை 2024இல் வெளிநாட்டுத் தனியார் கூட்டொன்றிடம் கொடுத்தார்கள், கட்டணம் ஏறியது, அவ்வாண்டு ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்கவேண்டியதாயிற்று. எல்லை எங்கே இருக்கிறதோ அங்கே முதலாளிக்கு ஒரு சுங்கச்சாவடியும் இருக்கிறது.

மறுக்கப்பட்டவர் எங்கே முறையிடுவது? குடும்பத்தைப் பார்க்கச் செல்வோர்க்கிருந்த மேன்முறையீட்டுரிமை 1993இல் பறிக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீண்டும் கிடைத்தது. 2013 யூன் 25ஆம் திகதியோடு மறுபடியும் போயிற்று. மனித உரிமை முதலிய ஒடுங்கிய காரணங்களைத் தவிர, அதிகாரியின் தீர்ப்பே முடிந்த தீர்ப்பு. மறுபடி விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். மறுபடி கட்டணம் கட்டவேண்டும் என்பது அதன் பொருள்.

நாம் கேட்பது பெரிதன்று. எவ்வளவு பணம் போதும் என்பதைச் சாராயத்துக்கு அளவு எழுதியது போல் எழுதுக. மறுத்தாற் கட்டணத்தின் பெரும்பகுதியைத் திருப்பித் தருக. 2013இல் எடுத்த மேன்முறையீட்டுரிமையை மீளத் தருக. இக்கோரிக்கைகளை ஆசிரியர் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் தீர்மானங்களாக நிறைவேற்றி, கொழும்பிலுள்ள வெளிநாட்டமைச்சுக்கும், இலண்டனில் வாழும் எம்மவர் தம் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்பலாம். அங்கே அவர்களுக்கு வாக்குண்டு. அவர்களுடைய தாய்மாருக்குத்தான் விசா இல்லை.